முதல் வரைவுக்கு ஒரு வாசகர்

174611 என்ற எண்ணை 283-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 617 வரும். பள்ளிப் பிள்ளைகூடத் தாளில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு. இந்த ஒரு வகுத்தல் போதும், சீனிவாச ராமானுஜன் அச்சில் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையின் ஒரு கூற்று பொய்யாகிவிடுகிறது. இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் 1911-இல் வந்த கட்டுரை அது. பெர்னூலி எண்களின் சில பண்புகளைப் பற்றியது. ஒரு பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் மேலே நிற்பது பகா எண்ணாகவே இருக்கும் என்று அதில் எழுதியிருந்தார். பதினெட்டாவது எண் வரை 691, 3617, 43867 என்று பகா எண்களாகத்தான் வருகின்றன. சில இடங்களில் வெறும் 1 வரும். இருபதாவதில் 174611 வந்து நிற்கிறது. அது பகா எண் அல்ல.

அப்போது ராமானுஜனுக்கு வயது இருபத்து மூன்று. எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். எந்தக் கல்லூரிப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. அந்தக் கட்டுரையில் எட்டுத் தேற்றங்களைச் சொன்னார். மூன்றுக்குத்தான் நிறுவல் காட்டினார். இரண்டு மற்றவற்றிலிருந்து கிளைத்தவை. மூன்றை வெறும் ஊகமாகவே வைத்தார். இன்றைய ஆய்வு மாணவர் ஒருவர் இப்படி ஒரு வரைவை எடுத்துக்கொண்டு போனால், 'முழுசா முடிச்சிட்டு வாங்க, இப்ப வெளியே காட்டாதீங்க' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நல்ல எண்ணத்தோடுதான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் ராமானுஜனிடம் அன்று அப்படிச் சொல்லி எல்லோரும் அனுப்பியிருந்தால், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது தன் அச்சேறிய வேலை என்று சொல்ல அவரிடம் ஒரு பக்கமும் இருந்திருக்காது.

மாணவர் தன் ஆரம்பக்கால ஆய்வைப் பொதுவில் வைக்கலாமா என்ற கேள்வி நம் பல்கலைக்கழக வராந்தாக்களில் ஓயாமல் கேட்கிறது. யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? தப்பு இருந்து காலத்துக்கும் நம் பெயரோடு ஒட்டிக்கொண்டால்? நாளைக்கு ஆய்வேட்டைக் கொடுக்கும்போது, நம் எழுத்தையே நாம் திருடியதாகச் சாஃப்ட்வேர் காட்டினால்? எல்லாம் நியாயமான அச்சங்கள். ஆனாலும் 'வைக்கலாம்' என்பதே என் பதில், அதுவும் தயங்காத பதில். பின்னோக்கிப் பார்க்கும்போது மாணவர்களின் அவசரம் கெடுத்த வேலைகளைவிட, பெரியவர்கள் படிக்காமல் வைத்திருந்ததால் முடங்கிய வேலைகளே அதிகமாகக் கண்ணில் படுகின்றன. மாணவர் வெளியே வைக்கும் துணிவை மட்டும் பேசினால் போதாது. எதிர்முனையில் படிக்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதும் கேள்வி.

சென்னை மாநிலக் கல்லூரியிலேயே இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. சித்தப்பாவும் அண்ணன் மகனும்.

சித்தப்பா சி.வி. ராமன். எம்.ஏ. மாணவராக இருந்தபோது, ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான ஆய்வகப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். எல்லா மாணவர்களும் ஆண்டுதோறும் செய்வதுதான். ஒளி பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது தெரிந்த விளிம்புப் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. பாடநூல்களில் வழக்கமாக வரும் பட்டைகள் சமமானவை. கண்ணில் பட்டதை விடாமல் அளந்து எழுதி, பேராசிரியர் ஜோன்ஸிடம் கருத்துக் கேட்டுக் கொடுத்தார். மாதங்கள் போயின, பதில் வரவில்லை. ராமன் அதை நேராக லண்டனுக்கு, 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழுக்கு அனுப்பிவிட்டார். 1906 நவம்பரில் அது வெளிவந்தது. அந்த மாதம்தான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. பின்னர் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு அவருக்குக் கடிதம் எழுதினார்; கட்டுரையை எழுதியவர் கல்லூரி மாணவர் என்று தெரியாமல் 'பேராசிரியர்' என்றே விளித்தார் என்பார்கள்.

ஜோன்ஸைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமில்லை. ராமனை வகுப்புகளிலிருந்து விடுவித்து, ஆய்வகத்தில் அவர் இஷ்டப்படி வேலை செய்ய விட்டவரும் அவர்தான். அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் அந்தப் பட்டைகளைப் பார்க்க நேரமே இருந்திருக்காது. மாணவரை நேசிக்கும் ஆசிரியரின் மேஜையிலும் வரைவு தூங்கத்தான் செய்கிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் கதையில் அழகான ஒரு திருப்பம் உண்டு. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த மாணவர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். நீ படித்த இயற்பியல் இதற்குள் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொன்னார். சொன்னதோடு விடாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்களைப் பற்றித் தான் எழுதி அச்சுக்குப் போயிருந்த கட்டுரையின் மெய்ப்புப் படிகளை அந்தப் பையனின் கையில் கொடுத்தார். இதழில் வராத வேலை. முன்பின் தெரியாத மாணவர். அந்தப் படிகளைக் கொண்டு புதிய புள்ளியியலைத் தானே கற்ற சந்திரசேகர், சில மாதங்களில் காம்ப்டன் சிதறல் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஃபவுலருக்கு அனுப்பினார். ஃபவுலர் யாரோ, இவர் யாரோ. ஃபவுலர் படித்தார், பதில் எழுதினார். 1929-இல் ராயல் சொசைட்டியின் நடவடிக்கைக் குறிப்பில் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியவர் இன்னும் இளங்கலை மாணவர்.

அடுத்த ஆண்டு 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். வெண்குறு விண்மீன் (white dwarf) ஒன்றின் நிறை ஓர் எல்லையைத் தாண்ட முடியாது என்ற கணக்கைப் பயணத்திலேயே போட்டார். கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்ததும் ஃபவுலரிடம் இரண்டு கட்டுரைகளைக் கொடுத்தார். ஒன்றை ஃபவுலர் ஏற்றுக்கொண்டார். இந்த எல்லையைச் சொல்லும் மற்றதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, வானியற்பியலாளர் மில்னுக்கு அனுப்பினார். அங்கேயும் அது கிடந்தது. கடைசியில் சந்திரசேகரே அதை அமெரிக்காவின் வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். 1931-இல் இரண்டே பக்கத்தில் வந்தது. இன்று சந்திரசேகர் எல்லை என்று உலகம் சொல்வது அதைத்தான். சுமார் கால் நூற்றாண்டு இடைவெளியில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர், பெரியவரின் மேஜையில் தூங்கிய வரைவைத் தாங்களே தபாலில் சேர்த்தார்கள்.

ராமானுஜனுக்கு அமைந்தது வேறு மாதிரி. இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தொடங்கியவர் வே. ராமசாமி ஐயர். துணை கலெக்டர். திருக்கோவிலூரில் அவரைத் தேடிப்போய் ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஐயர், இவரை வருவாய்த் துறையில் போட்டு மழுங்கடிக்க மனமில்லாமல், சென்னையில் கணித ஆசிரியர் சேஷு ஐயரிடம் அனுப்பினார். இதழின் ஆசிரியர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். ராமானுஜனின் எழுத்து மிகச் சுருக்கமாக இருந்தது, வழிமுறை யாருக்கும் பழக்கமில்லாதது, சாதாரண வாசகரால் பின்தொடர முடியவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கலாம். ஐயங்கார் ஒதுக்கவில்லை. அந்தக் கையெழுத்துப் படி இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்குமாகப் பலமுறை போய்வந்தது. இத்தனைக்குப் பிறகும் 174611 அவர் கண்ணிலிருந்தும் தப்பிவிட்டது. ஆனால் கட்டுரை அச்சேறியது.

அதே இதழில் ராமானுஜன் வாசகர்களுக்குக் கணக்குகளும் விட்டார். அவற்றில் புகழ்பெற்றது வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போவது: ஒரு வர்க்கமூலம், அதற்குள் ஒன்றோடு இரண்டு மடங்கு இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் ஒன்றோடு மூன்று மடங்கு வேறொரு வர்க்கமூலம், அதற்குள் நான்கு மடங்கு என்று. விடை என்ன? ஆறு மாதம், மூன்று இதழ்கள் காத்திருந்தார். யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடையைச் சொன்னார்: 3. ஆரம்பக்கால வேலையைப் பொதுவில் வைப்பது என்றால் இதுவும் சேர்த்துத்தான். முடிந்த முடிபை மட்டும் வைக்காமல், என்னிடம் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது, உங்களில் யாருக்காவது தெரியுமா என்று நாடறியக் கேட்பது.

இப்படிக் கேட்பது அறிவியலின் பிறவிக் குணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் பெரிய மனிதர்களே கண்டதை ஒளித்து வைத்தார்கள். 1610-இல் சனிக் கோளின் வடிவத்தில் விந்தை ஒன்றைக் கண்ட கலிலியோ, அதைச் சொல்லும் வாக்கியத்தின் எழுத்துகளைக் குலைத்து ஒரு புதிராக அனுப்பினார். நாளைக்கு வேறு யாராவது கண்டால், 'நான் அன்றே சொன்னேன்' என்று எழுத்துகளை அடுக்கிக் காட்டலாம். அதுவரை யாருக்கும் புரியாது. கெப்ளர் அந்தப் புதிரை அவிழ்க்கப் பார்த்து, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று படித்துவிட்டார். ராபர்ட் ஹூக் சுருள்வில்லின் விதியை 1676-இல் இப்படியே எழுத்துக் குலைப்பாக அச்சிட்டு, 1678-இல்தான் அவிழ்த்துச் சொன்னார். நியூட்டன் இளவயதில் கண்ட நுண்கணிதத்தைப் பல்லாண்டு மேஜைக்குள் வைத்திருந்தார். லைப்னிட்ஸ் 1684-இல் தன் முறையை அச்சிட்டார். பிறகு நடந்த சண்டையில் இங்கிலாந்தின் கணிதமே அதிகம் நஷ்டப்பட்டது.

ஒளித்து வைக்கும் இந்த வழக்கத்தை மெல்ல மெல்ல உடைத்தது ஒரு சாதாரண ஏற்பாடு. ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ஓர் இதழ் தொடங்கினார். கடிதம் வந்த தேதியைக் குறித்துவைப்பது, விரைவாக அச்சிடுவது, முதலில் சொன்னவர் இவர் என்று ஊர் அறியச் செய்வது. ஒளித்தால்தான் தன் பெயருக்குப் பாதுகாப்பு என்றிருந்த நிலை மாறி, வெளியிட்டால்தான் பாதுகாப்பு என்றாயிற்று. இன்றைய மாணவரின் முதல் அச்சத்துக்கு, அதாவது யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்பதற்கு, முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. தேதி போட்டுப் பொதுவில் இருப்பதைத் திருடுவது கடினம். கருத்தரங்கில் வாயால் சொன்னதையும், துறையில் யாருக்கோ மின்னஞ்சலில் அனுப்பியதையும் எடுத்துக்கொள்வதுதான் எளிது. அங்கே சாட்சி கிடையாது.

1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க், லாஸ் அலமாஸில் ஒரு கணினியில் தொடங்கிய ஏற்பாடு ஓல்டன்பர்க்கின் தொடர்ச்சிதான். அதற்கு முன்பும் இயற்பியலாளர்கள் இதழுக்கு அனுப்புமுன் கட்டுரைப் படிகளைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் படி பெரிய நிறுவனங்களின் பெரிய மனிதர்களுக்குப் போனது. சிறிய ஊரின் மாணவருக்கு இதழ் அச்சாகி, கப்பலேறி, நூலகத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆர்க்கைவ் என்று இன்று அழைக்கப்படும் அந்தத் தளம் எல்லோரையும் ஒரே நாளில் படிக்க வைத்தது. சோமர்ஃபெல்ட் ஒரு மாணவருக்கு ஹோட்டல் அறையில் கொடுத்ததை, தளம் எல்லா மாணவருக்கும் கொடுத்தது. 2002 நவம்பரில் ரஷ்யக் கணிதவியலாளர் பெரெல்மான் பாயின்கேரே ஊகத்துக்கான தன் நிறுவலை அங்கேதான் வைக்கத் தொடங்கினார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. அங்கே ஒன்றைத் திருத்தி மறுபடி ஏற்றினாலும் பழைய வடிவம் தேதியோடு அப்படியே நிற்கும். இதைக் கண்டு மாணவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அது ஆறுதலாகவே படுகிறது. முதல் வடிவில் இருந்த பிழையை மூன்றாம் வடிவில் திருத்தியவர் இவர் என்று தெரிவதைவிட ஓர் ஆய்வாளருக்கு நல்ல சான்றிதழ் வேறு எது?

நம் தமிழ் மரபில் இதற்கு நேர் எதிரான ஓர் உணர்வும் உண்டு. நூல் அரங்கேறிய பிறகே நூல். தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானின் முன் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அவை ஏற்றுக்கொள்ளும்வரை எழுதியவர் பொறுத்திருக்க வேண்டும். இது தரத்தைக் காத்த மரபு, நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே அவை என்று ஒன்று இருந்தது, உட்கார்ந்து கேட்டது, கேள்வி எழுப்பியது. அரங்கேற்றத்தின் பொறுமையை மட்டும் மாணவரிடம் எதிர்பார்த்துவிட்டு, அவை கூட மறுத்தால் அதை மரபு என்று எப்படிச் சொல்வது?

பொதுவில் வைப்பதற்கு விலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். விலை உண்டு, சில சமயம் கொடிய விலை. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் இருபத்து நான்கு வயது சந்திரசேகர் தன் முடிவைச் சொன்னார். அடுத்து எழுந்த எடிங்டன், அன்றைய வானியலின் மிகப் பெரிய பெயர், அதை அவை சிரிக்கும்படி தகர்த்தார். தகர்த்த காரணம் தவறானது. கணக்கு சரி என்று அறிந்த இயற்பியலாளர்கள் இருந்தார்கள். ரோசன்ஃபெல்டும் பவுலியும் தனியே அவரிடம் சொன்னார்கள். பொதுவில் எடிங்டனை எதிர்த்துப் பேச யாரும் முன்வரவில்லை. 1939-இல் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதிவிட்டு, சந்திரசேகர் அந்தத் துறையை விட்டே விலகி வேறு ஆய்வுக்குப் போனார். நோபல் பரிசு வந்தது 1983-இல். இந்தக் கதையை 'பொதுவில் பேசினால் இப்படித்தான் அவமானம்' என்று மாணவருக்குச் சொல்லும் எச்சரிக்கையாக நான் படிக்கவில்லை. தனியே ஒன்று, மேடையில் ஒன்று என்று இருந்த பெரியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பெயர் போகும் விலையும் உண்டு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியான ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கியிலிருந்து வரும் நீண்ட வரைதாள் சுருள்களை அடி அடியாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், அதில் ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். அது துடிப்பு விண்மீன். 1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தபோது அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் துடிப்பு விண்மீன்கள் வருவது பிற்சேர்க்கையில். 1974-இல் நோபல் பரிசு நெறியாளர் ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டுரையில் அவர் பெயர் தேதியோடு அச்சில் இருந்ததால்தான் பரிசுக் குழுவின் முடிவை உலகம் இன்றும் கேள்வி கேட்கிறது.

பிழை பரவும் விலை இன்னொன்று. 2020 ஜனவரி 31 அன்று டெல்லி ஆய்வாளர்கள் சிலர், புதிய கொரோனா வைரஸில் எச்.ஐ.வி.யை ஒத்த துண்டுகள் இருப்பதாக ஒரு முன்பதிப்பை, அதாவது இதழில் வராத வரைவை, பயோஆர்க்கைவ் தளத்தில் வைத்தார்கள். அது மாணவர் வேலை அல்ல. ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். சில மணி நேரத்துக்குள் உலகெங்கும் இருந்த உயிரியலாளர்கள், அந்தத் துண்டுகள் மிகச் சிறியவை, எத்தனையோ உயிர்களில் தற்செயலாகவே கிடைப்பவை என்று எழுதிக் குவித்தார்கள். ஓரிரு நாளில் ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள். ஓர் இதழில் வந்திருந்தால் திருத்தம் வர மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் அதற்குள் அந்த வதந்தி கால் முளைத்து எங்கெங்கோ போய்விட்டது. அதன் பிறகு, இவை சரிபார்க்கப்படாத முதல் அறிக்கைகள் என்ற எச்சரிக்கையை அந்தத் தளம் கட்டுரைகளுக்கு மேலேயே போட்டது. மக்கள் அச்சத்தோடு காத்திருக்கும் விஷயத்தில் வரைவை வைப்பவர், அதை வரைவு என்று முதல் வரியிலேயே சொல்லக் கடமைப்பட்டவர்.

இத்தனையையும் நினைத்துக்கொண்டு நம் நாட்டு நடப்பைப் பார்த்தால் மனம் கசக்கிறது. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்கும் முன் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்தது. 2016 விதிகள் அதோடு இரண்டு கருத்தரங்க உரைகளையும் சேர்த்தன. நோக்கம் நல்லது. மாணவர் தன் வேலையை வெளியுலகுக்குக் காட்டட்டும் என்பதுதான். நடந்தது என்ன? ஆய்வுத் துறைகளில் யாரைப் பார்த்தாலும் 'பேப்பர் போட்டாச்சா?' என்பதே நலம் விசாரிப்பு ஆயிற்று. என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பவர் குறைந்தார். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்கள் காளான்போல் முளைத்தன. ஒருவரும் படிக்காமலே ஏற்றுக்கொள்ளப்பட்டு, அச்சான பிறகும் ஒருவரும் படிக்காத கட்டுரைகள். 2018 மே மாதத்தில் மானியக் குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றில் பணம் கட்டி எழுதிய ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். படிக்க ஆளில்லாத இடத்தில் போய்க் காட்டு என்று நாம்தான் அவர்களை விரட்டினோம். 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. எடுத்தது சரி. ஆனால் வெளியே காட்டும் பழக்கத்தையே சேர்த்து எடுத்துவிட்டோமோ என்று எனக்குக் கவலை.

ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். உங்கள் வேலையை முன்பதிப்புத் தளத்தில் வையுங்கள். ஆர்க்கைவில் முதல்முறை வைக்க, ஏற்கெனவே அங்கே எழுதிய ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம், கேட்கக் கூச்சப்படாதீர்கள். கூட்டு வேலையென்றால் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும், நெறியாளரின் சம்மதம் முதலாவதாக. எது நிறுவியது, எது ஊகம் என்று ராமானுஜன் பிரித்ததுபோல் பிரித்து எழுதுங்கள். புதிதாக ஒரு கருவியோ மருந்தோ செய்முறையோ இருந்தால் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகு வெளியிடுங்கள். முதலில் வெளியிட்டுவிட்டால், சட்டத்தில் உள்ள சில குறுகிய விலக்குகள் தவிர, அந்த உரிமை போய்விடும். நோயாளிகளின் விவரம், நம்பிச் சொன்னவர்களின் பெயர், இதெல்லாம் உங்களுடையதல்ல. களத்தில் ஒரு நடுகல்லையோ பழைய சிலையையோ கண்டு எழுதுபவர், தொல்லியல் துறைக்குச் சொல்லுமுன் அதன் சரியான இடத்தை வரைபடத்தோடு உலகத்துக்கு அறிவித்தால், முதலில் அங்கே போவது அறிஞராக இருக்காது.

சாஃப்ட்வேர் பயம் வேறு. 2018-இல் வந்த எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஒத்துப்போகும் பகுதி பத்து சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பது, அறுபது என்று ஏற ஏறத் தண்டனையும் ஏறும். தன் முன்பதிப்பே தன் ஆய்வேட்டோடு ஒத்துப்போய் எண்ணை ஏற்றிவிடும் என்று பலர் வெளியிடவே அஞ்சுகிறார்கள். ஒத்துப்பார்க்கும்போது மாணவரின் சொந்த முன்பதிப்பைக் கணக்கிலிருந்து விலக்கிவைப்பது சில நொடி வேலை. அதைச் செய்ய வேண்டியது துறை. திருடனைப் பிடிக்க வந்த விதி, வீட்டுக்காரர் தன் வாசலில் நிற்பதற்கே பயப்படும்படி செய்யக்கூடாது.

பொதுவில் வராத வேலை என்ன ஆகும் என்பதற்கும் ராமானுஜனே சாட்சி. 1920-இல் அவர் இறந்தார். கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அதைத் திறந்து பார்க்கும்வரை கணித உலகத்துக்கு அவை இல்லாததுபோல்தான். அவை தொலையவில்லை, நூலகத்தில் பத்திரமாகவே இருந்தன. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். நம் பல்கலைக்கழகங்களின் அலமாரிகளில், பாதியில் நின்ற எத்தனை எம்.ஃபில். ஆய்வுகள், எத்தனை கள அறிக்கைகள், 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று நெறியாளர் வாங்கி வைத்த எத்தனை வரைவுகள் அப்படிக் கிடக்கின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது. சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் இன்று எல்லோருக்கும் கிடைப்பது பெரிய காரியம். ஆனால் அங்கே வருவது பட்டம் வாங்கிய பிறகு. திருத்தம் சொல்ல வேண்டிய நேரம் அதற்கு மூன்று, நான்கு ஆண்டுக்கு முன்பு.

கட்டாயக் கட்டுரை விதி போன இடம் இப்போது காலியாக இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அதில் தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். எழுதுவதானால் ஓல்டன்பர்க்கின் வேலையை எழுதட்டும். மாணவரின் முதல் வரைவு கைக்கு வந்த தேதியையும், அதைப் படித்து எழுத்தில் பதில் கொடுத்த தேதியையும் ஒரே பதிவேட்டில் குறிக்கட்டும். ஓராண்டு முடிவில் ஆய்வுக் குழு கூடும்போது, மாணவர் எத்தனை பேப்பர் போட்டார் என்று கேட்பதற்கு முன், அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே எத்தனை மாதம் போயிற்று என்று நெறியாளரைக் கேட்கட்டும்.